மேற்குப் பக்கத்து அறுபத்தொரு மரங்கள்

இருபத்து நான்கு வருட வேலையில் நகராட்சி அவளுக்குத் தானாக எதையும் கொடுத்ததில்லை. மண்வெட்டிக்குப் பிடி வேண்டுமென்றால்கூட மூன்று கடிதம் எழுத வேண்டும். களை பறிக்கும் தினக்கூலியாகச் சேர்ந்து, தபால்வழியில் தோட்டக்கலை படித்து, பூங்காக் கண்காணிப்பாளர் என்ற நாற்காலிக்கு வந்து சேர்வதற்குள் நாற்பது வயது தாண்டிவிட்டது. வேலையாட்கள் 'பூங்கா அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்து, அது தேய்ந்து 'பூங்காக்கா' ஆகி, கடைசியில் சம்பளப் பட்டியல் எழுதுகிற குமாஸ்தாவுக்கே அவளுடைய சொந்தப் பெயர் சட்டென்று வாயில் வராது.

அப்படிப்பட்டவளை ஒருநாள் காலை நகராட்சிப் பொறியாளர் தன் அறைக்குக் கூப்பிட்டு, எழுந்து நின்று, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவள் திரும்பிப் பார்த்தாள், பின்னால் வேறு யாராவது வந்திருக்கிறார்களோ என்று.

"உங்களுக்கு ஒரு நல்ல சேதி மேடம். வெளிநாட்டுல ஒரு கல்லூரி, கோடைகாலத்துல எட்டு வாரப் படிப்பு நடத்துது. பழங்காலக் கலை, கட்டடக்கலை, தோட்ட அமைப்பு, மூணும். பொதுப் பூங்காவுல வேலை பாக்குற ஒருத்தருக்கு அவங்களே டிக்கெட் போட்டு, தங்க இடமும் தர்றாங்க. நான்தான் உங்க பேரை அனுப்பினேன். கெடைச்சிருச்சு."

அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். சந்தோஷத்தில் பாதி, சந்தேகத்தில் பாதி. இந்தப் பொறியாளருக்கும் அவளுக்கும் மூன்று வருடமாகக் கீரியும் பாம்பும்தான். பூங்காவின் மேற்குப் பக்கத்தை எடுத்து, பக்கத்தில் எழும்பியிருக்கும் வணிக வளாகத்துக்கு வண்டி நிறுத்துமிடம் போட வேண்டும் என்பது அவர் திட்டம். அங்கே தூங்குமூஞ்சி, புங்கை, மகிழம், வாகை என்று அறுபத்தொரு மரம். கண்காணிப்பாளர் எழுதிக் கொடுக்காமல் மரத்தில் கை வைக்க முடியாது. கோப்பு வரும்போதெல்லாம் அவள் 'மரங்கள் நல்ல நிலையில் உள்ளன' என்று ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் தையல்காரர். கடைத்தெரு முனையில் ஒரு மிஷின் போடுகிற அகலத்துக்குக் கடை. விஷயத்தைக் கேட்டதும் பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கே."

"உங்களுக்கு எல்லாத்துலயும் குத்தம்தான். ஒரு மனுசன் மனசு மாறக் கூடாதா?"

"மாறலாம். அதுக்கு முன்னாடி ஜுரம் கிரம் வந்திருக்கணும். அந்த ஆளு நல்லாத்தானே இருக்கான்?"

அவள் சிரிக்கவில்லை. தபால்வழிப் பாடப் புத்தகத்தில் எழுபத்தாறாம் பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. எங்கோ ஒரு பழைய தோட்டம். படிப்படியாக இறங்குகிற கல்தளங்கள், நடுவே ஒரு நேர்கோடாகத் தண்ணீர், இருபுறமும் காவல்காரர்கள் மாதிரி மரங்கள். பரீட்சைக்கு அந்தப் பக்கம் வராது. ஆனாலும் பாத்திரம் கழுவி முடித்த ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் அதிகம் திறந்து பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். இப்போது கூப்பிட்டு அனுப்புகிறார்கள். ஓநாய் அழுதால் என்ன, நரி அழுதால் என்ன, போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

புறப்படுவதற்கு நான்கு நாள் முன்னால் விசா நேர்காணல். ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். எட்டரைக்கு அலுவலக வாசலில் குமாஸ்தா ஒரு கட்டுத் தாளோடு ஓடிவந்தார். "பொறுப்பு ஒப்படைக்கிற காகிதம்க்கா. முப்பது நாப்பது இருக்கும். பெருக்கல் குறி போட்ட இடத்துல மட்டும் போட்டுருங்க." கதவுநிலையில் வைத்து, நின்றவாக்கில், ஒவ்வொன்றாகப் புரட்டிக் கையெழுத்துப் போட்டாள். தண்ணீர்க் குழாய், புல்வெட்டும் இயந்திரம், சாவிக்கொத்து, ஏணி இரண்டு. பத்துத் தாளுக்கு மேல் படிக்கவில்லை. பஸ் கிளம்பிவிடும்.

*

அந்த ஊர் முழுக்கக் கல். நடைபாதை கல், சுவர் கல், கூரையும் கல் ஓடு. கோடை வெயில் எல்லாவற்றிலும் ஏறி இறங்கிக் கண்ணைக் கூச வைத்தது. விடுதியில் மூன்றாம் மாடியில் அவளுக்கு ஓர் அறை: ஒரு கட்டில், ஒரு மேஜை, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவரில் கொடியில் காயும் யாரோ ஒருவருடைய காலுறைகள்.

காலையில் பெரிய கூடத்தில் படம் வரைகிற வகுப்பு. பழைய சிலைகளைப் போலவே சாந்தில் வார்த்து வைத்த வெள்ளைச் சிலைகள் வரிசையாக நிற்கும். கை இல்லாதவள், தலை இல்லாதவன், மூக்குப் போன அரசன். அவர்களைச் சுற்றி முக்காலி போட்டு உட்கார்ந்து, இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் கரித்துண்டால் சரசரவென்று வரைவார்கள். நாற்பத்தேழு வயதில் பூங்காக்கா வரைந்த முதல் சிலை, அம்மை போட்ட பூசணிக்காய் மாதிரி வந்தது. பக்கத்திலிருந்த பெண் எட்டிப் பார்த்து நாகரிகமாகத் தலையைத் திருப்பிக்கொண்டாள். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் போதுமான ஆங்கிலம் அவளிடம் இருந்தது. அரசனுடைய மூக்குக்குப் போதவில்லை.

மத்தியானத்துக்கு மேல் தோட்டம். அங்கேதான் அவளுக்கு மூச்சு வந்தது. தோட்ட அமைப்பு சொல்லிக்கொடுத்தவள் முப்பத்தைந்து வயதுக்காரி. வெயிலில் கருத்து, எலும்பும் தோலுமாக, பெரிய வைக்கோல் தொப்பியோடு வருவாள். பிள்ளைகள் அவளுக்குத் தொப்பிக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. "அழகா இருக்குன்னு யாரும் சொல்லக் கூடாது. எத்தனை அடி, எந்தச் சரிவு, தண்ணி எங்கேருந்து வருது, எங்கே போகுது, அதைச் சொல்லுங்க" என்பாள். தோட்டத்தை அளப்பதற்கு முதலில் இரண்டு நிலைப்புள்ளிகள் வேண்டும், அசையாத இரண்டு கற்கள், அவற்றிலிருந்து ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு அளவு எடுத்தால் மரம் தாளில் தன் இடத்தில் வந்து உட்காரும் என்று முதல் வாரமே சொல்லிக்கொடுத்தாள்.

ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு தோட்டத்தில், எழுபத்தாறாம் பக்கத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்த ஒரு நீர்ப்பாதையின் ஓரத்தில், அவள் மண்டியிட்டு அளவுநாடாவைப் பிடித்திருந்தபோது அழுகை வந்தது. வியர்வையோடு துடைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் புருஷனுக்கு போன் செய்து, "சரிவு ரெண்டே விரக்கடைதான், அதுக்குள்ள தண்ணிய அப்படி நடக்க விட்டிருக்கான்" என்றாள்.

"சாப்பிட்டியா?" என்றார் தையல்காரர்.

அப்படிப் பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில், ஊரில் அப்போது சாயங்காலம், பூங்காவின் மோட்டார்காரர் கூப்பிட்டார். தண்ணீர் மோட்டார் போட்டு நிறுத்துகிறவர், அவளைவிட மூத்தவர், போனில் எப்போதும் கூட்டத்தில் பேசுகிற மாதிரிக் கத்துவார். அன்று கத்தவில்லை.

"பூங்காக்கா, மேற்குப் பக்கத்து மரத்துல எல்லாம் சிவப்பு பெயிண்ட்டுல நம்பர் போட்டிருக்காங்க."

"எந்த மரத்துல?"

"எந்த மரம்னா? எல்லாத்துலயும்தான். ஒண்ணுலேருந்து அறுபத்தொண்ணு வரைக்கும்."

அவள் கையிலிருந்த ரொட்டியைக் காகிதத்தில் திரும்பச் சுற்றி வைத்தாள். பொறியாளரைக் கூப்பிட்டாள். நான்காவது தடவை எடுத்தார். குரலில் தேன் ஒழுகியது.

"படிப்பெல்லாம் எப்படிப் போகுது மேடம்?"

"மரத்துக்கு எதுக்கு சார் நம்பர் போட்டிருக்கீங்க? நான் எழுதிக் கொடுக்காம எப்படி..."

"நீங்கதானே எழுதிக் கொடுத்திருக்கீங்க? அறுபத்தொரு மரமும் உள்ளே உளுத்துப் போச்சு, எப்ப வேணும்னாலும் விழும், வெட்டிரலாம்னு. போறதுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுட்டுத்தானே போனீங்க? மறந்துட்டீங்களா?"

கதவுநிலை. பெருக்கல் குறி. ஒன்பது மணி பஸ். அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் கண்ணுக்கு முன்னால் வந்தது. எந்தத் தாள் என்றுகூட இப்போது தெரியவில்லை. "நல்லாப் படிங்க. ஊருக்குப் பெருமை" என்று அவர் வைத்துவிட்டார்.

படிக்கட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு உடைந்த தூண், முழங்கால் உயரம்தான் மிச்சம். அதைச் சுற்றிக் கயிறு கட்டி, தொடாதே என்று பலகை வைத்து, ஒரு காவலாளியும் போட்டிருந்தார்கள். அவள் அந்தக் காவலாளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

*

முதலில் திரும்பிப் போய்விடலாம் என்று கல்லூரி அலுவலகத்துக்கு ஓடினாள். டிக்கெட்டின் தேதியை மாற்ற முடியாது; கோடைகாலம், இரண்டு வாரத்துக்கு விமானத்தில் இடமே இல்லை. நகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். அதற்கும் இல்லை. தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டு ஆணையர் அறை வாசலில் போய் உட்கார்ந்தார். இரண்டு நாள் உட்கார வைத்து, மூன்றாம் நாள், "நீங்க யாரு? அவங்க வீட்டுக்காரர்தானே? ஊழியர்தான் வந்து சொல்லணும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

"ஊழியரைத்தான் நீங்க கடல் தாண்டி அனுப்பிட்டீங்களேன்னு கேட்டேன். பியூனுக்குச் சிரிப்பு வந்திருச்சு. மத்தவங்களுக்கு வரல" என்றார் போனில்.

அவரிடம் அங்கி தைக்க வருகிற வக்கீலம்மா ஒருத்தி உண்டு. தோள்பட்டை ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருக்கும். அது தெரியாதபடி கறுப்பு அங்கியைத் தைத்துக் கொடுக்க இவரால் மட்டும்தான் முடியும். அந்த வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பூங்காக்காவிடமே போனில் பேசினாள்.

"நீதிமன்றத்துல தடை கேக்கலாம். ஆனா கையெழுத்துப் போட்டவங்களே, 'நான் படிக்காம போட்டேன், இதுல இருக்கறது பொய்'னு எழுதிக் கொடுக்கணும். அது இல்லாம எதுவும் நிக்காது. எழுதிக் கொடுத்தீங்கன்னா உங்க வேலைக்கு ஆபத்து வரும். இதை மறைச்சு உங்ககிட்ட நான் கையெழுத்து வாங்கமாட்டேன். ஏற்கெனவே ஒருத்தர் அப்படி வாங்கினது போதும்."

"யோசிச்சுச் சொல்றேன்மா" என்றாள் பூங்காக்கா.

யோசித்தாள். இரண்டு நாள் யோசித்தாள். இந்த இரண்டு நாளைப் பற்றிப் பிற்பாடு யார் கேட்டாலும் அவள் மறைத்ததில்லை. களை பறித்த கை, கண்காணிப்பாளர் நாற்காலி, இன்னும் பதினோரு வருட வேலை, பொய்ச் சான்று கொடுத்தவள் என்ற பெயர். காலையில் கூடத்துக்குப் போனாள், கரித்துண்டைப் பிடித்தாள், தூணின் தலையில் இலைச் சுருள் வரைய வேண்டும், ஒரு கோடு போட்டு அழித்தாள், இன்னொன்று போட்டு அழித்தாள். தாள் ஓட்டையாகிவிட்டது. மற்றவர்கள் கலைந்த பிறகும் அங்கேயே இருந்தாள். தலையில்லாதவனுக்குக் கீழே உட்கார்ந்து, அவர்கள் வெட்டமாட்டார்கள், சும்மா மிரட்டுகிறார்கள், மழை வந்துவிடும், ரம்பம் உடைந்துவிடும், ஏதாவது நடக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புருஷன் கூப்பிட்டபோது அவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மோட்டார்காரர் கூப்பிட்டார். பின்னால் ரம்பச் சத்தம் கேட்டது. இரண்டு நாளில் பதினான்கு மரம் விழுந்துவிட்டது.

"எதுலேருந்து ஆரம்பிச்சாங்க?"

"மகிழத்துலேருந்து. அந்த ரெட்டை மகிழம். பூங்காக்கா, உளுத்திருக்குன்னாங்களே, அடிமரத்தைப் போய்ப் பாத்தேன். இரும்பு மாதிரி இருக்கு. நடுவுல ஒரு ஊசி போக எடமில்ல."

அவள் போனை வைத்தாள். பிறகு வக்கீலம்மாவைக் கூப்பிட்டு, "எழுதிக்கங்க. நான் சொல்றேன்" என்றாள்.

*

எழுதிக் கொடுத்தது மட்டும் போதவில்லை. மரப் பதிவேடு அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்தது, சாவி பொறியாளரிடம். எந்த மரம் எங்கே, என்ன பருமன், என்ன நிலை என்று காட்ட ஒரு வரைபடம் வேண்டும் என்றாள் வக்கீலம்மா. "மனப்பாடமா வரைய முடியுமா?"

முடியாதா? கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த அறுபத்தொன்றுக்கும் நடுவே அவள் இடிக்காமல் நடப்பாள். கூடத்தின் மூலையில் பெரிய தாளை விரித்தாள். தூண் போயிற்று, சிலை போயிற்று. ஒன்று: புங்கை, இடப்பக்கம் சாய்ந்தது. இரண்டு: வாகை, மின்னல் விழுந்து பிழைத்தது. வரைய வரைய, அந்தப் பக்கம் மரம் விழ விழ, தினமும் சாயங்காலக் கணக்கை மோட்டார்காரர் சொல்வார். பதினெட்டு. இருபத்து மூன்று. விழுந்தவற்றையும் அவள் வரைந்தாள். விழுந்தவற்றுக்குத்தான் கை கூடுதலாக அழுத்தியது.

மூன்றாம் நாள் தொப்பிக்காரி வந்து தலைக்குமேல் நின்றாள். ஐந்தாறு நாளாக இவள் எந்த வேலையையும் ஒப்படைக்கவில்லை.

"உங்க தூண் எங்கே?"

"இல்லை."

"இது என்ன?"

தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். பாதியில் ஆங்கிலம் தீர்ந்துபோய்த் தமிழிலேயே சொன்னாள். கையெழுத்துப் போடுகிற மாதிரி காற்றில் கையை ஆட்டிக் காட்டி, பிறகு மரம் விழுகிற மாதிரி அதே கையைச் சாய்த்தாள். தொப்பிக்காரிக்குப் புரிந்துவிட்டது. ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், குனிந்து தாளைப் பார்த்து, "இதுக்கு நிலைப்புள்ளி எங்கே?" என்றாள்.

"எனக்கு எல்லா மரமும் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். நீதிபதிக்கு? நிலைப்புள்ளி இல்லைன்னா இது படம் இல்லை, ஞாபகம். எதிராளி ஒரே கேள்வியில கிழிச்சுப் போட்டுருவான். ரெண்டு நிலைப்புள்ளி, ஒவ்வொரு மரத்துக்கும் ரெண்டு அளவு. முதல் வாரமே சொன்னேன்."

அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே ரம்பம் ஓடுகிறது, இவள் இங்கே பாடம் நடத்துகிறாள். ஆனால் அந்த எலும்புக்கூடு சொன்னது உண்மை என்று உடம்புக்குள் தெரிந்தது. மூன்று நாள் வேலையைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, மோட்டார் அறையோட மூலைக் கல்லு ஒண்ணு. மேற்கு வாசத் தூணு ஒண்ணு. அது ரெண்டுலேருந்தும் ஒவ்வொரு மரத்துக்கும் அளக்கணும். வெட்டினதுக்கும் அடிக்கட்டை இருக்குல்ல, அதுக்கும். மரத்தோட சுத்தளவும் வேணும்."

"எங்கிட்ட இருக்கறது இஞ்சி டேப்பு. அறுவது இஞ்சிதான்."

"எப்படியாவது பண்ணுங்க."

பண்ணினார். ஒரு சுருள் வெள்ளை நாடாவை எடுத்து, கெஜத்துக்கு ஒரு சிவப்புத் தையல், அடிக்கு ஒரு கறுப்புத் தையல் என்று மிஷினில் ஓட்டி, நீளமான அளவுநாடா ஒன்றைத் தயார் செய்துவிட்டார். சாயங்காலம் மரம் வெட்டுகிறவர்கள் லாரியில் ஏறிப் போனதும் இவரும் மோட்டார்காரரும் இறங்குவார்கள். ஒருவர் மூலைக் கல்லில் பிடிக்க, ஒருவர் மரத்தை நோக்கி ஓட. இருவருக்கும் சேர்த்து வயது நூற்றுப் பத்துக்கு மேல். சுற்றளவுக்கு மட்டும் இஞ்சி டேப்பு. நாற்பது வருடப் பழக்கம் விடுமா? போனில் சொல்லும்போது, "முப்பத்தி ஆறாம் நம்பர், இடுப்பு ஐம்பத்தெட்டு. நல்ல பாரியான உடம்பு. தோள்ல ஒரு வெட்டு இருக்கு" என்பார்.

"மரத்துக்கு ஏதுங்க தோளு?"

"கிளை ஆரம்பிக்கிற இடம்மா. எழுதிக்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் போய் விக்கலாகி, தலையில்லாதவனின் கால் பீடத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கூடத்திலிருந்த பிள்ளைகள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். முதல்நாள் தலையைத் திருப்பிக்கொண்ட பெண் முக்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கவராயத்தை எடுத்து, "நீங்க எண்ணைச் சொல்லுங்க, நான் வளைவு போடறேன்" என்றாள். இரண்டு வளைவும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மரம். ஒன்று, இரண்டு, மூன்று என்று அறுபத்தொன்றும் தாளில் ஏறின. அவள் மனத்தில் இருந்த இடத்துக்கும் நாடா காட்டிய இடத்துக்கும் எங்கேயும் ஒரு முழத்துக்குமேல் வித்தியாசமில்லை. இரண்டே இரண்டு மரத்தில்தான் தப்பு. அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்து வாகைகள், இடம் மாற்றி நினைத்திருந்தாள். அந்த இரண்டு தப்பு போதும் கிழித்துப் போட.

நிலைப்புள்ளி வைத்து மறுபடி வரைய மேலும் நான்கு நாள் பிடித்தது. தொப்பிக்காரி எல்லா அளவையும் உட்கார்ந்து சரிபார்த்து, கீழே கையெழுத்துப் போட்டு, கல்லூரி முத்திரையும் வாங்கிக் கொடுத்தாள். படமும், 'படிக்காமல் கையெழுத்திட்டேன். இதற்கான தண்டனையை ஏற்கிறேன்' என்ற வாக்குமூலமும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. மோட்டார்காரர் எடுத்த அடிக்கட்டைகளின் புகைப்படங்களையும் சேர்த்து வக்கீலம்மா அடுத்த நாளே மனுப் போட்டாள். எதிர்த் தரப்பு வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "கடல் தாண்டி உக்காந்துட்டு எப்படிம்மா மரத்தை அளந்தாங்க?" என்பதுதான். வக்கீலம்மா நிலைப்புள்ளிகளைக் காட்டினாள். நீதிமன்ற ஆள் ஒருவர் நேரில் போய், மூலைக் கல்லிலிருந்து ஐந்து மரத்தை அளந்து பார்த்தார். ஐந்தும் சரியாக இருந்தன.

தடை வந்த அன்று காலையில் முப்பத்தொன்பதாவது மரம் கீழே கிடந்தது. மிச்சம் இருபத்திரண்டு.

வகுப்பில் எல்லோரும் கை தட்டினார்கள். பூங்காக்கா கை தட்டவில்லை. தான் யோசித்த இரண்டு நாளில் பதினான்கு, நிலைப்புள்ளி இல்லாமல் வரைந்து வீணடித்த மூன்று நாளில் ஒன்பது என்று அவள் மனத்துக்குள் ஒரு கழித்தல் ஓடிக்கொண்டே இருந்தது. மிச்சமிருந்த மூன்று வாரமும் தோட்டங்களுக்குப் போனாள், அளந்தாள், சொன்னதை எழுதிக்கொண்டாள். ஆனால் எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கண் தரையைத்தான் பார்த்தது, அடிக்கட்டை இருக்கிறதா என்று. தூணையும் சிலையையும் ஒப்படைக்காததால் தேர்ச்சி இல்லை. 'கலந்துகொண்டார்' என்று மட்டும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். தொப்பிக்காரி பேருந்து நிலையம் வரை வந்து பெட்டியைத் தூக்கி வைத்தாள். பேருந்து கிளம்பும்போது தொப்பியைக் கழற்றி ஆட்டினாள். அடியில் தலை பாதி நரைத்திருந்தது.

*

ஊரில் இறங்கிய மறுநாள் அவளுக்குப் பணி இடைநீக்க உத்தரவு வந்தது. பொய்ச் சான்றில் கையெழுத்திட்டதாகக் குற்றச்சாட்டு. விசாரணை பதினோரு மாதம் நடந்தது. அந்தத் தாளைக் கட்டுக்குள் யார் செருகினார்கள் என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை. குமாஸ்தா எதுவும் நினைவில்லை என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பொறியாளர் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். போகிற அன்று அவருக்கு மாலை போட்டு வழியனுப்பினார்கள் என்று மோட்டார்காரர் வந்து சொன்னார். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "மாலைய எந்த மரத்துப் பூவுல கட்டினாங்களாம்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும்கூட.

கடைசியில் ஒரு படி கீழே இறக்கி, துணைக் கண்காணிப்பாளராகத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இழந்த பதவியைப் பற்றி யாரிடமும் மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. முப்பத்தொன்பது மரம் நின்ற இடத்தில் தார் போட்டு, வெள்ளைக் கோடு கிழித்து, வண்டி நிறுத்துமிடம் வந்துவிட்டது. தடை மரத்துக்குத்தான், மரம் இல்லாத மண்ணுக்கு இல்லை.

பூங்காவுக்குப் போன முதல் நாளே வேறொன்று அவள் கண்ணில் பட்டது. மிஞ்சிய இருபத்திரண்டும் பிறந்ததிலிருந்து மற்ற மரங்களின் நிழலில் நின்றவை. திடீரென்று மேற்குப் பக்கம் திறந்துபோனதும் பிற்பகல் வெயில் நேரே அடிமரத்தில் அடித்திருக்கிறது. பட்டை வெந்து, நீளவாக்கில் வெடித்து, தோல் உரிந்த மாதிரித் தொங்கியது. மூன்று மரம் ஏற்கெனவே பட்டுப்போய்விட்டது. அதற்குத் தடை வாங்க எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. விரலால் பட்டையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். பத்தொன்பதில் இன்னும் நான்கு சந்தேகம்.

சுண்ணாம்பு கரைத்து அடிமரத்தில் கனமாகப் பூசினால் வெயில் கொஞ்சம் திரும்பிப் போகும். எழுதிக் கேட்டால் மூன்று கடிதம் ஆகும். மோட்டார்காரர் எங்கிருந்தோ சுண்ணாம்பு கொண்டுவந்தார். தையல்காரர் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து, கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு ஏணியைப் பிடித்தார். மூன்றாவது மரத்துக்கு அவள் பூசிக்கொண்டிருந்தபோது, வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கார் வந்து நின்றது. கதவைத் திறந்து ஓர் அம்மாள் இறங்கி, கையை நெற்றியில் குடையாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"மரத்துக்கு எதுக்கு வெள்ளையடிக்கிறீங்க?"

"வெயில் தாங்காதும்மா."

"மரமா? மரத்துக்கு என்ன வெயிலு?"

"நெழல்ல வளந்தது. பழக்கமில்ல."

அந்த அம்மாள் ஒப்புக்குத் தலையை ஆட்டினாள். பிறகு தகிக்கிற தாரையும் தன் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இங்க எங்கயாவது நெழலா ஒரு எடம் இருக்கா, வண்டிய விட?" என்று கேட்டாள்.

பூங்காக்கா ஏணியில் நின்றபடியே, பூசுகிற மட்டையைக் கிழக்கு வாசல் பக்கம் நீட்டிக் காட்டினாள். சுண்ணாம்பு முழங்கை வழியாக வழிந்தது. தையல்காரர் ஏணியை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.